ஜீப்பில் வர வேண்டாமுங்க

இந்த வழக்கில் வரும் அண்ணன் தங்கை இருவரின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆறு மாதம் உள்ளே இருக்க நேரலாம், இரண்டு லட்சம் அபராதம் கட்ட நேரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு அப்படி. பெயர் மட்டுமல்ல, பள்ளி, முகவரி என்று பிள்ளையை அடையாளம் காட்டும் எதுவும் வெளியே வரக்கூடாது. அதனால் ஊர்களைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன். எந்த மாவட்டத்துக் குழு, எந்த ஆட்சியர் என்பதையும் விட்டுவிட்டேன். காங்கேயத்தில் போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் வக்கீலுக்கு ஈரோடு, கரூர், திருப்பூர் எல்லாமே காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற தூரம்தான். அதில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் பெரும்பாலும் நிலத்தோடு. பாகப்பிரிவினை, வண்டித்தடத் தகராறு, அரிசி ஆலைக்காரர்களின் செக் வழக்கு. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட கட்டு என் மேசைக்கு வருவது அபூர்வம். இதுவும் முதலில் நிலத்தின் கட்டாகத்தான் வந்தது. 2024 கோடையில் வெள்ளகோயில் பக்கம் தறி ஓட்டுகிற ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் பத்திர நகல், ஒரு இறப்புச் சான்றிதழ், மடித்து மடித்து நைந்துபோன ஓர் உத்தரவு.

"ஏனுங்க வக்கீலய்யா, எங்கண்ணன் பையனுங்க. சித்தப்பன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அவன் ஊரார் ஊட்டுல வளரோணுமுங்களா?"

கதை இதுதான். அண்ணன் மனைவி நோயில் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணனை 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை கொண்டுபோனது. பையனுக்கு அப்போது பதின்மூன்று, பெண்ணுக்கு ஒன்பது. சித்தப்பாவும் அந்த வாரம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு படுத்திருந்தார். அவர் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், கடன், தறி நின்றுபோன மாதங்கள். சித்தியால் முடியவில்லை. யாரோ 1098க்குப் போன் போட, குழந்தைகள் நலக் குழு முன்னால் இரண்டு பேரும் நிறுத்தப்பட்டார்கள். பையன் ஓர் ஊரில் பையன்கள் இல்லத்துக்கு, பெண் வேறோர் ஊரில் பெண் பிள்ளைகள் இல்லத்துக்கு. அடுத்த ஆண்டுக் கடைசியில் பையனை மட்டும் வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு தம்பதியிடம் கொடுத்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள். கணவர் தேங்காய்க் களத்தில் வேலை, மனைவி வீட்டிலேயே தையல். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பையனின் செலவுக்கு மாதம் 4,000 ரூபாய்.

மூன்று வருடம் கழித்துச் சித்தப்பா தலையெடுத்தார். பையனைத் தன்னிடம் விடச் சொல்லிக் குழுவிடம் மனுக் கொடுத்தார். குழு மனுவைத் தள்ளி, வளர்ப்புப் பராமரிப்பை நீட்டித்து உத்தரவு போட்டது. மஞ்சள் பையில் நைந்து கிடந்தது அந்த உத்தரவுதான்.

ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "காசுக்குத்தான் வர்றான்." கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாநில அரசு ஐந்து லட்சத்தை அவர்கள் பேரில் வைப்பு வைத்தது. பி.எம். கேர்ஸ் திட்டத்தில் பத்து லட்சம். இரண்டும் 2021 மே 29ஆம் தேதி ஒரே நாளில் அறிவிக்கப்பட்டவை. ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்வரை அந்த முதலைச் சித்தப்பன் என்ன, யாராலும் தொட முடியாது. மிச்சம் நாலரை ஏக்கர் கொரங்காடு. கிளுவை வேலியும் வெள்வேல் மரமும் கொழுக்கட்டைப் புல்லும் உள்ள மேய்ச்சல் நிலம். வாய்க்கால் பாயாத மண். மாட்டுக்காரர்களுக்குக் குத்தகை விட்டால் வருடத்துக்கு ஏதோ வரும். என் கட்சிக்காரருக்கு ஆசையே இல்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் எல்லா ஆசையும் கொஞ்சம் உண்டு. ஆனால் அண்ணன் பெயர் வந்தபோதெல்லாம் அந்த மனிதர் பத்திரத்தை நீவிக்கொண்டே பேசினார். அண்ணன்தான் அவரைத் தறி வேலையில் சேர்த்துவிட்டவராம்.

குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவை எதிர்த்துப் பொதுவாகக் குழந்தைகள் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு சம்பந்தப்பட்ட உத்தரவு என்றால் மட்டும் மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். முப்பது நாளுக்குள். 101ஆவது பிரிவு. கெடு முடிய ஒரு வாரம் இருந்தது.

மனு எழுதுவது எனக்குச் சிரமமாக இல்லை. சட்டமே கையில் எடுத்துக் கொடுத்தது. பிள்ளையைப் பராமரிக்கிற முதல் பொறுப்பு குடும்பத்துக்கு. பிள்ளையை அதன் சொந்தக் குடும்பச் சூழலுக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டும் 3ஆவது பிரிவில் இருக்கும் அடிப்படைக் கோட்பாடுகள். ரத்த உறவு, பரம்பரை ஊர், குலதெய்வம் என்று நான்கு பக்கம் எழுதினேன். அதே 3ஆவது பிரிவில் பங்கேற்புக் கோட்பாடு என்று ஒன்றும் இருக்கிறது: தன்னைப் பாதிக்கும் எந்த முடிவிலும் பிள்ளைக்குப் பேசும் உரிமை உண்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதையும் மேற்கோள் காட்டினேன். பையன் சித்தப்பா பக்கம்தான் சொல்வான் என்று கட்சிக்காரர் உறுதியாகச் சொல்லியிருந்தார்.

இந்தக் கோட்பாடு புதிதல்ல. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்திலேயே, விவரமாக விருப்பம் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 17(3) சொல்கிறது. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ரோஸி ஜேக்கப் வழக்கில், 1973இலேயே, பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்ற பொருளில் தீர்ப்பு வந்துவிட்டது. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்தது; பிள்ளையின் குரலைக் கேட்பதற்கென்றே அதில் 12ஆவது உறுப்பு. வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. நடைமுறையில் நடப்பது என்ன? அறைக்குள் பிள்ளையைக் கூப்பிட்டு, "யாரோட போறே கண்ணு?" என்று கேட்பார்கள். பிள்ளை ஒரு பெயரைச் சொல்லும். எழுதிக்கொள்வார்கள். நானும் எத்தனையோ குடும்ப வழக்கில் அந்த ஒற்றைக் கேள்வியை நம்பி வென்றிருக்கிறேன், தோற்றிருக்கிறேன்.

பையனுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒரு வக்கீலைக் கொடுத்திருந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. வந்தது என் மகள் வயதுள்ள ஒரு பெண். அவர்தான் பையனின் கோப்பைப் பார்வையிட மனுப் போட்டு, எனக்கும் ஒரு நகல் கிடைக்கும்படி செய்தார்.

அந்தக் கோப்பில் படிவம் 7 என்று ஒன்று. தனிநபர் பராமரிப்புத் திட்டம். இல்லத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக இது இருக்க வேண்டும். இதற்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. மகாபலிபுரம் பக்கத்து ஆதரவற்றோர் இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்பட்டது தெரியவந்து 2007இல் உச்ச நீதிமன்றத்தில் பதிவான பொதுநல வழக்கு பத்து வருடம் நடந்தது. நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா இருவரும் 2017 மே 5ஆம் தேதி தீர்ப்பளித்தார்கள். நாட்டில் உள்ள எல்லாக் குழந்தை இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பராமரிப்புத் திட்டம் எழுதியாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது. நமக்குப் பெருமையான இடம் அல்ல.

படிவத்தின் திட்டப் பகுதியில் பிள்ளையின் எதிர்பார்ப்பு என்ன என்று கேட்கும் கட்டம்தான் முதலில் வருகிறது. பையனின் படிவத்தில் அங்கே நீல மையில், பழகிய குமாஸ்தா கையெழுத்தில், "நன்றாகப் படித்து முன்னேற விரும்புகிறான்" என்று இருந்தது. அடுத்த ஆண்டுப் படிவத்திலும் அதே வாக்கியம். அதற்கடுத்த ஆண்டு, "மேற்படி".

விசாரணை நாளன்று ஆட்சியர் அறையில் நாங்கள் இரண்டு வக்கீல்கள், பையன், பாதுகாப்பு அலுவலர், தட்டச்சர். சித்தப்பாவையும் வளர்ப்புத் தம்பதியையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். பையன் வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தான். பதினாறு வயது, பிளஸ் ஒன். ஆட்சியர் தன்மையாகத்தான் ஆரம்பித்தார். சாப்பிட்டாயா, என்ன குரூப், என்ன மார்க். அப்புறம் வழக்கமான கேள்வி.

"யாரோட இருக்க ஆசைப்படறே தம்பி?"

"அதைக் கடைசில சொல்றனுங்க சார். அதுக்கு முந்தி கொஞ்சம் விசயம் சொல்லோணுமுங்க. மறந்துருவன்னு எழுதிட்டு வந்தனுங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு லாங்சைஸ் நோட்டுத் தாளை எடுத்தான். எட்டாக மடித்தது. பிரிக்கும்போது கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.

முதலாவது தங்கச்சி. வந்த நாளிலிருந்து அவளை ஒன்றிரண்டு முறைதான் பார்த்திருக்கிறான். கூட்டிப்போக ஆள் வேண்டும், ஆளுக்கு அனுமதி வேண்டும், அனுமதிக்குக் கடிதம் வேண்டும். ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று இதே ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறான். எண் போட்ட ஒப்புகைச் சீட்டைத் தாளோடு பின் அடித்து வைத்திருந்தான். அந்த மனு கீழே இறங்கி, எந்த அலுவலரிடம் கேட்டுச் சலித்து இங்கே வந்தானோ அவரிடமே போய்ச் சேர்ந்தது. ஆட்சியர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது சாதிச் சான்று. பிளஸ் ஒன் சேர்க்கையிலிருந்தே கேட்கிறார்கள். இ-சேவை மையத்தில் அப்பாவின் சான்றைக் கொண்டுவா என்கிறார்கள். அப்பா இல்லை, அப்பாவின் பெட்டியும் எங்கே என்று தெரியாது. தாலுகா ஆபீஸுக்கு வளர்ப்பு அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனால், உங்களுக்கும் பையனுக்கும் என்ன உறவு என்ற கேள்வி.

மூன்றாவதைச் சொல்வதற்கு முன் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து, "சார் கோவிச்சுக்கக் கூடாதுங்க" என்றான். "என்னையப் பாக்க வர்றப்ப பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் வர வேண்டாமுங்க."

வளர்ப்புக் குடும்பத்தை மாதாமாதம் பார்வையிட வேண்டும் என்பது சட்டம். பார்வையிட வந்தவர்கள் அரசு வண்டியில், கதவில் துறையின் பெயரோடு, பள்ளி வேலை நேரத்தில் வந்தார்கள். பியூன் வகுப்புக்கு வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் தடவை போலீஸ் என்று நினைத்தார்களாம். அதற்கப்புறம் அவனுக்கு வகுப்பில் பெயரே 'ஜீப்பு'.

"சனிக்கிழமை சாயந்திரம் வண்டில வந்தீங்கன்னா நான் ஊட்லயே இருப்பனுங்க. அத்தை டீ வெச்சுக் குடுக்கும்."

கடமை தவறாமல் வந்த அலுவலரைப் பற்றித்தான் இந்தப் புகார் என்பதைக் கவனிக்க வேண்டும். வராத அலுவலரைப் பற்றி எழுத நமக்கு ஆயிரம் பேர் உண்டு. ஒழுங்காக வந்து கையெழுத்து வாங்கிப் போனவர், தன் வண்டி ஒரு பையனுக்குப் பட்டப் பெயராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வார்? படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அலுவலரின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் அவர்தான் முதலில் பேசினார்: "சரி தம்பி."

நான்காவது, பதினெட்டு. பிறந்தநாள் வந்தால் தன்னை என்ன செய்வார்கள்? அன்றைக்கே வெளியே போக வேண்டுமா, பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை இருக்கலாமா? அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சட்டத்தில் ஓரளவுக்குப் பதில் இருக்கிறது. பதினெட்டில் இல்லத்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்கு 46ஆவது பிரிவில் பிற்காப்பு உதவி உண்டு, இருபத்தொரு வயது வரை தரலாம். இல்லத்தில் கூட இருந்த மூத்த பையன் ஒருவன் பதினெட்டு முடிந்த வாரம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதைத்தான் இவன் பார்த்திருக்கிறான்.

அதற்குப் பிறகுதான் யாரோடு என்பதற்கு வந்தான். பிளஸ் டூ முடிகிறவரை, அத்தை என்று அவன் கூப்பிடும் வளர்ப்பு அம்மாவின் வீடு. நோம்பிக்கும் முழுப் பரீட்சை லீவுக்கும் சித்தப்பா வீடு. "சித்தப்பா நல்லவருங்க. ஆனா அங்க போனா பள்ளிக்கூடம் மாறோணும். பிசிக்ஸ் வாத்தியார் இங்கத்தான் நல்லாருக்குதுங்க."

என் நான்கு பக்க மனுவில் பிசிக்ஸ் வாத்தியார் இல்லை. எதிர்த்தரப்பு மனுவிலும் இல்லை. ரத்தமா, வளர்ப்பா என்று நாங்கள் கட்டிய வழக்கில், அவன் கவலைப்பட்ட நான்கில் ஒன்றுகூட இல்லை.

மதியம் வராந்தாவில் சித்தப்பாவிடம் விவரத்தைச் சொன்னேன். தோற்ற கட்சிக்காரர் முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இது வேறு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டது: "சாதிச் சர்ட்டிபிகேட்டா? எங்கண்ணனுது எங்க ஊட்டு பீரோலயே இருக்குதுங்களே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பனே." அவர் எதிர்த்தரப்பு ஆகிவிட்டதால் யாரும் கேட்கவில்லை. மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார்.

உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. வளர்ப்புப் பராமரிப்பு தொடரும். சித்தப்பா வந்து பார்க்கலாம், விடுமுறைக்கு அழைத்துப் போகலாம். அண்ணன் தங்கை மாதம் இருமுறை ஞாயிற்றுக்கிழமை சந்திக்க ஏற்பாடு. பார்வையிடுவது வீட்டில், பள்ளி நேரத்துக்கு வெளியே. கடைசியாக ஒரு வரி: உடன்பிறந்தவர்களை இயன்றவரை ஒரே வளர்ப்புக் குடும்பத்தில் வைக்க வேண்டும் என்ற 44(3)ஐக் காட்டி, தங்கையையும் அதே தம்பதியிடம் ஒப்படைக்க முடியுமா என்று குழு பரிசீலிக்க வேண்டும். மேல்முறையீட்டில் தோற்றது நான்தான். ஆனால் கட்சிக்காரர் பீஸ் பாக்கியைச் சொன்ன தேதிக்குத் தந்தார்.

எல்லோருக்கும் அந்தக் கடைசி வரி பிடித்திருந்தது. தையல் அத்தை இன்னொரு கட்டில் வாங்க விலை விசாரித்துவிட்டார். பையன் தன் மேசையில் பாதியைக் காலி பண்ணினான். சட்ட உதவி வக்கீல் மட்டும், "பாப்பாகிட்ட யாராவது கேட்டீங்களா சார்?" என்றார்.

அந்தப் பெண் வக்கீல்தான் போய்க் கேட்டார். பன்னிரண்டு வயதுப் பெண் தெளிவாக, "வேண்டாமுங்க்கா" என்று சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கோ-கோ டீமில் இருக்கிறாள். அவள் கூட்டாளிகள் அங்கே. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். அத்தையை அவளுக்குத் தெரியாது. பையனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். தனக்காகப் பேசத் தெரிந்த பிள்ளைக்கும் தங்கைக்காகப் பேச முடிவதில்லை. அவளுக்கு அவள்தான் பேச வேண்டியிருந்தது.

அவளுக்கு வேறொரு கோரிக்கை இருந்தது. அதை அவள் ஏற்கனவே எழுதிப் போட்டிருந்தாள். குழந்தைகள் இல்லம் ஒவ்வொன்றிலும் ஒரு கருத்துப் பெட்டி வைக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் உள்ளது. பெட்டி அலுவலக அறையை விட்டுத் தள்ளி, பிள்ளைகள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாவி இல்லத்துக்காரரிடம் அல்ல, மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, பிள்ளைகள் குழு உறுப்பினர்கள் கண்முன்னால் திறக்க வேண்டும். யார் எழுதினார்களோ தெரியாது, பிள்ளைகள் மனதை அறிந்து எழுதிய விதி. எங்கள் பக்கத்துச் சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று உண்டு. பக்தர் கனவில் முருகன் சொன்னதாக வரும் பொருளை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூஜை செய்வார்கள். மண் வைத்தால் ஒரு பேச்சு, தண்ணீர் வைத்தால் ஒரு பேச்சு, மாவட்டமே அதற்கு அர்த்தம் தேடும். பிள்ளைகள் போட்ட சீட்டுக்கு அந்த மரியாதையில் கால்வாசி இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் இருந்த இல்லத்தில் பெட்டி இருந்தது. திறப்புப் பதிவேடுதான் சில மாதங்களாக வெறுமையாக இருந்தது.

வக்கீல் கேட்டுக்கொண்டதன் பேரில் பெட்டி திறக்கப்பட்டபோது, மிட்டாய்க் காகிதங்களுக்கும் 'சாம்பாரில் உப்பு அதிகம்' போன்ற சீட்டுகளுக்கும் நடுவில் அவளுடைய சீட்டு கிடைத்தது. பெயர் போடாத சீட்டு, எழுத்தைப் பார்த்துத் தோழிகள் சொல்லிவிட்டார்கள். "போன் பேசும்போது ஸ்பீக்கரில் போடாதீங்க மிஸ்."

இல்லத்துக்கு ஒரே போன், அலுவலக அறையில். பாதுகாப்புக்காகத்தான் ஸ்பீக்கரில் போட்டார்கள். யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? ஆனால் அண்ணனோடு பேசும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறுபெண் என்ன பேசுவாள்? "நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா." மூன்று வருடம் அதைத்தான் பேசியிருக்கிறார்கள். இப்போது யார் எண் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் ஓர் ஆள் நிற்கிறார்.

பையன் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் காகிதத்தில் உண்டு. ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் 2009இல் வந்த காலத்திலிருந்தே அதன் அமைப்பு இதுதான்: ஊராட்சித் தலைவர் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், கிராமச் சுகாதாரச் செவிலியர் உறுப்பினர்கள், கூடவே பிள்ளைகள் சார்பில் இருவர். பிள்ளைகள் இடத்தில் பெரும்பாலும் தலைமையாசிரியர் கைகாட்டுகிற முதல் மார்க் மாணவர்கள் உட்காருவார்கள். பாதுகாப்பு அலுவலர், அந்த ஜீப்புக்காரர்தான், அவன் இருக்கும் ஊராட்சியில் பையன் பெயரைப் பரிந்துரைத்தார். நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் கூட்டம் பற்றிச் சட்ட உதவி வக்கீல் சொல்லித்தான் தெரியும். தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் முதலில் கையெழுத்துப் போட்டார்கள், அப்புறம் டீயும் போண்டாவும் வந்தது. போண்டா முடிந்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். பையன் எழுந்து, ஊராட்சி எல்லையில் இருக்கும் இல்லத்துப் பிள்ளைகள் சார்பில் ஏன் யாரும் இந்தக் குழுவில் இல்லை என்று கேட்டிருக்கிறான். அவர்கள் வருவது இதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, ஊசி போடுவது இதே துணைச் சுகாதார நிலையத்தில், நிற்பது இதே டவுன் பஸ்ஸுக்கு. தலைவர் யோசித்துவிட்டு, "அவங்க நம்ம ஊர்ப் பிள்ளைங்க இல்லியே கண்ணு" என்றாராம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காணியாளர் ஊர், தோட்டத்து ஊர் என்று பழகிய எங்கள் பக்கத்தில் அது இயல்பான பதில். பையன் விடவில்லை: "நானும் இந்த ஊர்ப் பையன் இல்லீங்க. என்னைய உக்காத்தி வெச்சிருக்கீங்கல்ல?"

இல்லத்திலிருந்து ஒருவரைச் சேர்ப்பது என்று அன்றே தீர்மானம் எழுதினார்கள். கர்நாடகத்தில் 2006இலிருந்து பிள்ளைகளுக்கென்றே தனிக் கிராம சபை கூட்டச் சொல்லி அரசாணை இருக்கிறது. இங்கிலாந்தில் 2007 வெள்ளை அறிக்கைக்குப் பின், அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளுக்கென்று உள்ளாட்சிதோறும் ஒரு மன்றம் வைத்து, அவர்கள் வாயாலேயே சேவைகளின் குறைகளைக் கேட்கிறார்கள். சட்ட உதவி வக்கீல் இதையெல்லாம் எனக்கு வகுப்பு எடுத்தார். நான் பதிலுக்குப் போண்டாவைப் பற்றிச் சொன்னேன்.

அந்தத் தீர்மானம் முழுசாக நடைமுறைக்கு வருவதற்குள் 2025 ஜனவரி 5ஆம் தேதி ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தலைவர் போய்த் தனி அலுவலர் வந்தார். பல ஊராட்சிகளை ஒரே ஆள் பார்க்கிறார். குழு அதற்குப் பிறகு கூடியதாக எனக்குத் தகவல் இல்லை. இல்லத்துப் பெண் ஒருத்தியின் பெயர் தீர்மானப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.

நிலத்து வழக்கு மிச்சமிருந்தது. சித்தப்பாவுக்கு நான் முதலிலேயே சொல்லிவிட்டேன்: இயற்கைக் காப்பாளர் அல்லாத ஒருவர் மைனர் சொத்தில் கை வைக்க முடியாது, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவு தடுக்கிறது. குத்தகை விட வேண்டும் என்றாலும் மாவட்ட நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் வாங்க வேண்டும். அதற்கு மனுப் போட்டோம். மனு நிலுவையில் இருக்கும்போதே பையனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. அவன் பங்கு மனுவிலிருந்து கழன்றது. பாலிடெக்னிக் சேர விண்ணப்பித்திருக்கிறான், தையல் அத்தை வீட்டிலிருந்தே போய்வருவதாகத் திட்டம். குத்தகைப் பணத்தில் தன் பங்கையும் தங்கையின் பேரிலேயே போடச் சொல்லிச் சித்தப்பாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டான். சித்தப்பா அந்தக் காகிதத்தையும் மஞ்சள் பையில்தான் வைத்திருக்கிறார்.

தங்கையின் பங்குக்கு மட்டும் மனு நடக்கிறது. அடுத்த வாய்தாவில் நீதிபதி அவளை விசாரிக்க இருக்கிறார். சட்ட உதவி வக்கீல் அவள் சார்பில் ஒரு இடைமனுத் தாக்கல் செய்திருக்கிறார். எல்லோரும் பேசி முடித்த பிறகு கடைசியில் தனியாகக் கூப்பிடுவதற்குப் பதிலாக, தன்னைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போதும் அறையில் உட்கார்ந்திருக்க அனுமதி வேண்டும் என்று மனு. என் பதில் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், சித்தப்பாவைக் கேட்டுவிட்டுத்தான்.